பென்ஷன் எடுத்தாச்சு, இனித் தோட்டம் சொல்லிக்கொடுப்போம்

பக்கத்து லயத்துப் பிள்ளைகள் "தாத்தா, கோவா ஏன் வாடுது?" என்று வந்து கேட்டால் உடனே பாடம் நடத்தத் தொடங்காதீர்கள், நான் அதைத்தான் செய்தேன், இரண்டாம் நாளே ஒருத்தரும் வரவில்லை. இப்போது வாடிய செடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுகிறேன். வேர் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அது வேர்வீக்க நோய். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மண்ணின் புளிப்பு அதற்குக் கொண்டாட்டம்.

அந்தச் செடியை உரக்குழியில் மட்டும் போட வேண்டாம், கிருமி மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும், மண்வெட்டியிலும் சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்கும் போகும். நோய் வந்த பாத்தியில் கோவா, நோக்கோல், முள்ளங்கி எதுவும் கொஞ்ச வருடத்துக்கு வேண்டாம்; போஞ்சியோ லீக்ஸோ போடலாம்.

அப்புறம் வேறு இரண்டு பாத்தி எடுத்து, ஒன்றில் மட்டும் கோவா நடுவதற்கு 3, 4 கிழமைக்கு முன்பே, மண்ணின் புளிப்பைக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்து கொத்திவிடுங்கள், மற்றதைச் சும்மா விடுங்கள். வித்தியாசத்தைப் பிள்ளைகளே பார்க்கட்டும். போட்ட திகதியைக் கொப்பியில் எழுதுவதும் அவர்கள் வேலைதான், என் கையெழுத்து எனக்கே விளங்குவதில்லை.