செஃப் கிளஸ்டரில் காலி இடத்தை நம்பிக் கெடாதீர்கள்

பிரதிகள் பேக்கப் ஆகாது என்பது மாதிரியான பாலபாடமெல்லாம் இங்கே இல்லை. பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருளான செஃப்பைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே பள்ளங்களில் விழுகிறார்கள், அவற்றை மட்டும் சொல்கிறேன்.

சராசரியைப் பார்த்து டிஸ்க்கை நிரப்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஐந்து சர்வர், ஒவ்வொன்றிலும் 100 டெராபைட், மூன்று பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 75% நிரம்பியிருக்கும். "கால்வாசி சும்மாதானே கிடக்கிறது" என்று புது டிஸ்க் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள்.

ஒரு சர்வர் படுத்துவிட்டால்? இயல்பு அமைப்பில் 600 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, அதிலிருந்த ஓஎஸ்டிகளை (பொதுவாக டிஸ்க்குக்கு ஒன்றாகத் தரவைப் பார்த்துக்கொள்ளும் ப்ராசஸ்கள்) செஃப் 'அவுட்' என்று ஒதுக்கி, தொலைந்த பிரதிகளை மீதி நான்கில் உருவாக்கக் கிளம்பும். 375 டெராபைட்டை 400-க்குள் திணித்தால் கிட்டத்தட்ட 94%. ஆனால் ஓர் ஓஎஸ்டி 90% தொட்டாலே பேக்ஃபில்லை, அதாவது இப்படி நகர்ந்துவரும் தரவை, வாங்க மறுத்துவிடும், ஆக வேலை பாதியில் நிற்கும், தரவில் ஒரு பகுதி இரண்டே பிரதியோடு தொங்கும். அதற்குள் பயனர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஏதாவது ஓர் ஓஎஸ்டி 95% ஆனால் போதும், எழுதுவது நின்றுவிடும்.

எந்தத் தரவு எந்த டிஸ்க்குக்குப் போகும் என்று முடிவுசெய்யும் க்ரஷ், அதைச் சமமாகப் பிரித்துவிடாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நான் போய்ப் பார்த்த ஒரு கிளஸ்டரில் டாஷ்போர்டு சராசரி 78% என்று பச்சையாகச் சிரித்தது. டிஸ்க்வாரியாக நிரம்பியதைக் காட்டும் 'செஃப் ஓஎஸ்டி டிஎஃப்' கட்டளையை அடித்தால் ஒரு டிஸ்க் 91%. அப்புறம் ஒரு சர்வர் போனபோது அவர்கள் செய்த முதல் காரியம், எழுதுவதை நிறுத்தும் அந்த 95% ஃபுல் வரம்பை 97-க்கு ஏற்றியது! டிஸ்க் முழுசாக நிரம்பினால் அந்த ஓஎஸ்டி திரும்ப எழாமலே போகலாம், பிறகு வரம்பை எங்கே ஏற்றுவது?

கணக்கு எளிது. ஒரு சர்வர் போன பிறகும் மீதி 85%-ஐத் தாண்டக் கூடாது. ஐந்து சர்வருக்கு அது 68%, நான்குக்கு 64-க்கும் கொஞ்சம் கீழே. அதுவும் டிஸ்க்குகளுக்கிடையே தரவைச் சமப்படுத்தும் பாலன்சர் ஓடிக்கொண்டிருந்தால்தான். இல்லையென்றால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். (மூன்றே சர்வர், சர்வருக்கு ஒரு பிரதி என்றால் இந்தக் கணக்கே வராது. மூன்றாவது பிரதியை வைக்க இடமில்லாமல் அது அப்படியே காத்திருக்கும்.)

மின்_சைஸை (எழுத, படிக்கக் குறைந்தது எத்தனை பிரதி வேண்டும் என்ற எண்) 1 ஆக்குவது

வேண்டாம்.

பராமரிப்பின்போது நோஅவுட்டை மறப்பது

நோஅவுட் என்பது ஓஎஸ்டிகளை 'அவுட்' ஆக்காதே என்று செஃப்புக்குச் சொல்லும் கொடி. போடாவிட்டால் 600 வினாடியில் தரவு நகரத் தொடங்கும், சர்வர் திரும்பியதும் மறுபடி வந்த வழியே நகரும். போட்டவர்கள் எடுக்க மறப்பது அதைவிட மோசம், நிஜமாகவே ஒரு டிஸ்க் செத்தாலும் செஃப் கைகட்டி நிற்கும்.

ரீபேலன்ஸை விரட்ட மேக்ஸ் பேக்ஃபில்ஸை ஏற்றுவது

மேக்ஸ் பேக்ஃபில்ஸ் என்பது ஓர் ஓஎஸ்டியில் ஒரே நேரத்தில் எத்தனை பேக்ஃபில் ஓடலாம் என்ற எண். பழைய பதிப்புகளில் அதை ஏற்றினால் பயனர்களின் வேகம்தான் அடிவாங்கும். க்வின்சி பதிப்பு முதல், எந்த வேலைக்கு எவ்வளவு முன்னுரிமை என்று பங்கிடும் எம்கிளாக்தான் இயல்பு என்பதால் அந்த எண்ணை மாற்றினாலும் அது கண்டுகொள்ளாது. எம்கிளாக் ப்ரொஃபைலை மாற்றுங்கள், மீட்பு முடிந்ததும் பழையபடி வையுங்கள்.