சிப்பிப்பாறையும் உருவிக்கொள்ளும் கழுத்துப்பட்டையும்: என் அனுபவம்

மாதவரத்தில் நான் மேற்பார்வையிடும் நாய்க் காப்பகத்தில் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுடன், பந்தயத்துக்குப் பேர்போன கிரேஹவுண்ட் இன நாயும் தங்குகிறது. நடைக்கு அழைத்துச் செல்லும்போது இவை பட்டையைத் தலைவழியே உருவிக்கொள்வதுதான் எங்களை வாட்டிய சிக்கல். மற்ற நாய்களுக்குப் பெரும்பாலும் கழுத்தைவிடத் தலை அகலம். இவற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், மிரண்டு பின்வாங்கியதும் சாதாரணப் பட்டை மட்டும் பணியாளர் கையில் மிஞ்சும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கிரேஹவுண்ட், கன்டெய்னர் லாரிகள் ஓயாத சாலையில் அவிழ்ந்துவிட்டால் ஓடிப் பிடிக்க எவராலும் இயலாது.

ஆகவே, இழுத்தால் இறுகி, விட்டால் தளரும் மார்டிங்கேல் பட்டைகளை வாங்கினேன். அதைக் காதுகளுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் ஒடுங்கிய பகுதியில் உயர்த்திப் பூட்டவும், இறுகிய நிலையில் காதுகளைத் தாண்டி நழுவுகிறதா என்று உள்கதவு, வெளிக்கதவு இரண்டும் மூடியிருக்கும்போதே மெல்ல இழுத்துப் பார்க்கவும் ஒவ்வொருவருக்கும் என் கண்முன்னே பயிற்சி அளித்தேன்.

"கழுத்து நெரியாதாண்ணே?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓரளவுக்கு மேல் இறுகாதபடியே அப்பட்டை அமைந்திருக்கிறது என்பதை, அவர் கையாலேயே அளவு வைக்கச் சொல்லிக் காட்டினேன்.

ஒருவருக்கு ஒரு நாய்தான்; கயிற்றை விரல்களில் சுற்றக் கூடாது. உடலில் கொழுப்பு குறைவென்றாலும் ஓட்டத்தில் தசைகள் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குவதால், கோடையில் வெயில் ஏறுமுன்பே நடை முடிய வேண்டும். உறங்கும் நாயைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும் என்பதில் மட்டும் நான் எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை. திடுக்கிட்டு விழிக்கும் நாய் கடித்தால் பழி அதன்மீதே விழுகிறது.