நூல்பெட்டிக்குக் கணக்கு எழுதுவது எப்படி? கைப்பின்னல் பழகுபவர்களுக்கு ராவல்ரி

திருப்பூரில் நிட்டிங் என்று சொன்னால் எல்லோருக்கும் கம்பெனியில் ஓடும் வட்ட மெஷின்தான் ஞாபகம் வரும். "எத்தன மெஷின் ஓடுதுங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். "ரெண்டு ஊசிங்க, ரெண்டும் என் கையிலதான் ஓடுது" என்றேன். அவர் அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார்.

கையால் பின்னுகிறவர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு, நூல் சேர்ப்பது. போன மார்கழியில் எங்கள் அம்மாயி ஏதோ தேடப்போய் என் பீரோவைத் திறந்தார். "இத்தன நூலையும் பொட்டிக்குள்ள வச்சுக்கிட்டு மறுக்காவும் வாங்கியாறயா கண்ணு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதே! அன்று எடுத்துப் பார்த்தால், ஒரே சாம்பல் நிறத்தை மூன்று தடவை வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்த வாரம்தான் ராவல்ரியை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கினேன். பின்னலும் குரோஷாவும் போடுகிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கூடும் இணையதளம் அது. ஜெசிகா ஃபோர்ப்ஸ், காசிடி ஃபோர்ப்ஸ் இருவரும் 2007-இல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். ஒருவர் பின்னுகிறவர், மற்றவர் கணினி நிரல் எழுதுகிறவர். கணக்கு தொடங்கக் காசு கிடையாது. டிசைன்கள் மட்டும் சில இலவசம், சில விலைக்கு.

படி 1: கணக்கு தொடங்குதல்

மின்னஞ்சல் கொடுத்தால் ஒரு இணைப்பு வரும். அதைத் திறந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் முடிந்தது. போன் பிரவுசரிலேயே செய்யலாம். சொந்தப் பெயர் வேண்டியதில்லை. ஊர் கேட்கும் இடத்தில் கோயம்புத்தூர், ஈரோடு என்று போட்டால் போதும், தெருப்பெயரெல்லாம் வேண்டாம். அளவுகளை எங்கெல்லாம் கேட்கிறதோ அங்கெல்லாம் மீட்டர், கிராம் என்றே தேர்ந்தெடுங்கள். தளம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் நமக்குத் தேவையான பக்கங்கள் நான்குதான்: ஸ்டாஷ் (கைவசமுள்ள நூல்), நீடில்ஸ் (ஊசிகள்), க்யூ (அடுத்துப் பின்னப்போவது), ப்ராஜெக்ட்ஸ் (கையில் ஓடுவது). நான்கும் நோட்புக் என்ற தலைப்புக்குள் இருக்கும்.

படி 2: லேபிள் உள்ள நூலை ஏற்றுதல்

ஆசை டிசைனில்தான் போகும். பொறுங்கள், முதலில் நூல். பெட்டியைத் தரையில் கொட்டி, சமையலறைத் தராசை எடுத்து வாருங்கள்.

கடையில் வாங்கிய உல்லன் நூல் என்றால் வேலை சுலபம். ஸ்டாஷ் பக்கத்தில் நூலின் பெயரை அடித்தால் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று காட்டும். இருந்தால் எடை, நீளம், நூலின் வகை எல்லாம் தானாக வந்து உட்காரும். எத்தனை கண்டு, என்ன நிறம், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் நீங்கள் எழுதினால் போதும். "பீரோ, கீழ்த்தட்டு, நீல டப்பா" என்று எழுதுங்கள். பிறகு தேடும்போது தெரியும் இதன் அருமை.

டை லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்களுக்கான எண்) என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைக் காலியாக விடுகிறார்கள், நானும் விட்டேன். அக்கா குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன், உடம்பு ஒரு லாட், கைகள் இன்னொரு லாட். டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் வாசலில் காயப்போட்டபோது கை மட்டும் ஒரு பிடி மஞ்சளாக நின்றது. எங்கள் நங்கையா எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். கேட்டைத் திறந்துகொண்டு வரும்போதே "லாட்ட மாத்திப் போட்டுட்டயா அம்மிணி?" என்றார். நூலைச் சுற்றியிருக்கும் தாளைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை ஒரு போட்டோ எடுத்து ஸ்டாஷில் ஏற்றிவிடுங்கள்.

படி 3: லேபிள் இல்லாத கோன் நூல்

நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்பெனியில் மிச்சமான காட்டன் கோன் (கூம்பில் சுற்றிய நூல்) யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். "இருபதாம் கவுண்ட்டுங்க" என்பதோடு தகவல் முடிந்துவிடும். ராவல்ரியோ எத்தனை மீட்டர், என்ன கனம் என்று கேட்கும்.

கவுண்ட் தெரிந்தால் மீட்டர் தெரிந்த மாதிரிதான். பருத்தி நூலில் கவுண்ட் என்பது ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை 840 கெஜம் வருகிறது என்ற கணக்கு. நம் அளவுக்கு மாற்றினால், கவுண்ட்டை 1.69-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 20 கவுண்ட் என்றால் 33.8 மீட்டர். ஒற்றை இழையாக அது தையல் நூல் மாதிரி மெலிசு, கைப்பின்னலுக்கு ஆகாது. பல இழைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். 8 இழை சேர்த்தால் 33.8-ஐ 8-ஆல் வகுங்கள், கிராமுக்குச் சுமார் 4.2 மீட்டர். அதாவது 100 கிராமில் 420 மீட்டர். ராவல்ரியில் இதற்கு ஃபிங்கரிங் என்று பெயர், குழந்தைத் துணிக்குச் சரியான கனம். கையில் இருப்பது 30 கவுண்ட் என்றால் 12 இழை சேர்த்தால் அதே கனம் வரும்.

எட்டு கோனுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான்கு போதும். நான்கு கோன்களின் இழையையும் சேர்த்து ஒரே உருண்டையாகச் சுற்றுங்கள். சுற்றத் தொடங்கும் முனையைக் கட்டைவிரலில் பிடித்து வெளியே தெரியும்படி விட்டுவைக்க வேண்டும். முடிந்ததும் அந்த உள்முனையையும் வெளிமுனையையும் சேர்த்துப் பிடித்தால் எட்டு இழை. உருண்டையை ஒரு போசிக்குள் போட்டுக்கொண்டு பின்னுங்கள், இல்லாவிட்டால் கட்டிலுக்கடியில் ஓடிப்போய்ச் சிக்கலாகும்.

எடை போடும்போது ஒரு வெறும் கோனைத் தனியாக நிறுத்துக் கழித்துவிடுங்கள். நான்கு கோனும் ஒரே எடை இருக்காது, எது குறைவோ அது தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். ஆகவே குறைந்த கோனை நான்கால் பெருக்குங்கள். குறைந்ததில் 150 கிராம் நூல் இருந்தால் மொத்தம் 600 கிராம், 8 இழையாக 2,520 மீட்டர். இந்த எண்களைத்தான் ஸ்டாஷில் எழுத வேண்டும். பெயர் தெரியாத நூல் என்று ஏற்றி, குறிப்பில் "20 கவுண்ட், 8 இழை, கோன்" என்று போடுங்கள்.

கவுண்ட்டும் தெரியாதா? ஸ்கேலில் ஒரு அங்குலத்துக்கு நூலை நெருக்கமாக, இழுக்காமல் சுற்றி எண்ணுங்கள். ராவல்ரி கணக்கில் 14 சுற்று வந்தால் ஃபிங்கரிங், 11 வந்தால் அதைவிடக் கனமான டிகே, 9 வந்தால் இன்னும் கனமான வொர்ஸ்டட். பனியன் நூலில் மெஷினுக்காக மெழுகு தடவியிருப்பார்கள், சலவை செய்யாத பருத்தி சுருங்கவும் செய்யும். அதனால் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, அதற்கப்புறம் அளந்து பாருங்கள்.

படி 4: ஊசிகள்

நீடில்ஸ் பக்கத்தில் உங்களிடம் உள்ள ஊசிகளை ஏற்றலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகள் பலவற்றில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இருக்கும். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். ராவல்ரியில் மில்லிமீட்டரோடு வரும் அமெரிக்க நம்பரில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் பருக்கும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

படி 5: டிசைன் தேடுதல்

இப்போது டிசைனுக்குப் போகலாம். தேடல் பக்கத்தின் ஓரத்தில் சல்லடைகள் இருக்கும். இலவசம், பருத்தி, ஃபிங்கரிங், நூலின் நீளம் என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஊட்டிக்குப் போகிறவர்களைத் தவிர நம் வெயிலுக்குக் கம்பளி எதற்கு? பருத்தி என்று தட்டியதும் பட்டியல் பாதியாகக் குறையும், மனசும் அடங்கும்.

டிசைனைத் திறந்ததும் படத்தைப் பார்த்து மயங்காமல், அதே டிசைனைப் பின்னியவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்குப் போங்கள். எனக்கு இந்தத் தளத்திலேயே பிடித்த இடம் அதுதான். "கழுத்து இறுக்கம், பத்துக் கண்ணி கூடப் போட்டேன்" என்று முகம் தெரியாத யாரோ எழுதி வைத்திருப்பார். அதே கனத்தில் பருத்தியில் பின்னியவர்களைத் தேடிப் படியுங்கள், கம்பளியில் நிமிர்ந்து நிற்கும் டிசைன் பருத்தியில் தொங்கிப்போவது உண்டு.

பிடித்ததை க்யூவில் போட்டு, எந்த நூலில் செய்யப்போகிறீர்கள் என்று ஸ்டாஷிலிருந்து இணையுங்கள். இணைக்க நூல் இல்லாததை நான் க்யூவில் போடுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய டிசைனை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அது எழுதியவரின் பிழைப்பு.

படி 6: ப்ராஜெக்ட் பக்கம்

பின்னத் தொடங்கிய அன்றே ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். டிசைன், நூல், ஊசி அளவு, தொடங்கிய தேதி. குறிப்பில் எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். நல்ல நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் முழிக்க வேண்டாம்.

பாதியில் தூக்கி வைத்ததை ஹைபர்நேட்டிங் என்று குறிக்கலாம். மொத்தமாகப் பிரித்துவிட்டால் ஃப்ராக்ட். ஃப்ராக் என்றால் தவளை. பிரி பிரி என்பதை ஆங்கிலத்தில் "ரிப் இட், ரிப் இட்" என்றால் தவளை கத்துவது போல் இருக்குமாம், அதனால் அந்தப் பெயர். என் கணக்கில் தவளைகள் நான்கு.

முடிந்ததும் போட்டோ போடும் ஆசையில் ஒன்றை மறந்துவிடுவோம். மிச்ச நூலைத் தராசில் வையுங்கள். தொடங்கும்போது 600 கிராம், இப்போது 410 என்றால் 190 கிராம் செலவு. அதை ப்ராஜெக்ட்டில் எழுதினால் ஸ்டாஷில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும். அடுத்த தடவை பெரிய கடை வீதியில் நூல் கடை வாசலில் நிற்கும்போது, உள்ளே நுழைவதற்கு முன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறம் என்னிடம் இன்னும் இரண்டு கண்டு இருக்கிறது.