நேரலை வரைபடம் தேங்கியது: காரணம் கோட்டின் தடிமன்

சென்சாரிலிருந்து நொடிக்கு 1000 அளவீடுகள்; அவற்றை நேரலையில் காட்ட, பைதானில் பைக்யூடிகிராஃப் (PyQtGraph என்ற வரைபட நூலகம்) வரைபடம். முதல் நிமிடம் சரியாக ஓடும். பிறகு சென்சாரைத் தட்டினால் திரையில் துள்ளல் தெரிய பல நொடிகள் ஆகும், தாமதமும் ஏறிக்கொண்டே போகும். மூன்று நாள் இதிலேயே போனது.

முதலில் தரவு கணினிக்கு வரும் சீரியல் இணைப்பின் வேகத்தைச் சந்தேகித்தேன். பாட் ரேட்டை (அந்த இணைப்பின் வேக அமைப்பை) உயர்த்தியும் பலனில்லை. தரவை வாசிக்கும் த்ரெட்டுக்கும் (நிரலில் இணையாக ஓடும் பகுதி) வரையும் பகுதிக்கும் நடுவிலுள்ள க்யூவின் (தரவு காத்திருக்கும் வரிசை) நீளத்தை அச்சிட்டதும் விஷயம் புரிந்தது: அது வளர்ந்துகொண்டே இருந்தது. தரவு நேரத்துக்கு வருகிறது, வரைவதுதான் பின்தங்குகிறது.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் வரையும் கட்டளையான பிளாட்டை (plot) அழைத்ததால் புதுப்புதுக் கோடுகள் குவிந்தன. ஒரே கோட்டை வைத்துக்கொண்டு அதன் தரவை மாற்றும் செட்டேட்டாவை (setData) மட்டும் அழைத்தேன். 33 மில்லிநொடி டைமர் ஒவ்வொரு முறையும் க்யூவை முழுதாகக் காலி செய்து, 10,000 புள்ளி கொண்ட நம்பை அரேயில் (NumPy எண் வரிசை) போட்டு, ஒரே தடவை வரையும். பெரும் முன்னேற்றம், ஆனாலும் சிபியூவின் ஒரு கோர் 100 சதவீதத்திலேயே நின்றது.

மிச்சக் குற்றவாளி, கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்த பேனா அகலம் 2! அகலம் 1-க்கு, பைக்யூடிகிராஃபின் அடித்தளமான க்யூட்டியில் (Qt) வேகமான வழி உண்டு. அதைத் தாண்டினால் கோட்டின் ஒவ்வொரு துண்டும் இணைப்பும் கணக்கிடப்படும். அகலத்தை 1 ஆக்கி கோட்டின் ஓரங்களை மென்மையாக்கும் ஆன்டிஅலையாஸிங்கையும் அணைத்ததும் க்யூ காலியாகவே இருக்கிறது.

டவுன்சாம்பிளிங் (வரையும் புள்ளிகளைக் குறைப்பது) வைத்தால் உச்சங்களைக் காக்கும் 'பீக்' முறையையே வையுங்கள். இடையிடையே புள்ளிகளை விட்டுவிடும் 'சப்சாம்பிள்' முறை குறுகிய துள்ளல்களை விழுங்கிவிடும்.