பின்னணி இழையிலிருந்து திரையைப் புதுப்பித்தல்: ஒரு நெல் களஞ்சியச் செயலியை முன்வைத்து

காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் கிளிநொச்சிப் பக்கத்து நெல் களஞ்சியங்களின் வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். கணினி வருவதற்கு முன்னர் அங்கே ஒருவர் மூடையைத் தராசில் ஏற்றி நிறையை உரத்துச் சொல்லுவார். மேசையில் இருக்கும் கணக்குப்பிள்ளை அதைக் கேட்டுக் கொப்பியில் எழுதுவார். நிறுப்பவர் கொப்பியைத் தொடுவதில்லை. எழுதுபவர் மூடை தூக்க எழும்புவதில்லை. மேசைக் கணினிச் செயலி ஒன்றின் திரையைப் பின்னணி இழையிலிருந்து (இழை, அதாவது திரெட், என்பது செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்; பின்னணி இழை திரைக்குப் பின்னால் ஓடுவது) எவ்வாறு புதுப்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒழுங்கைத்தான். அப்படி ஒரு களஞ்சியத்துக்கு மின்தராசோடு இணைந்த செயலியை எழுதியபோது, இந்த ஒழுங்கை இரண்டு முறை மீறி, இரண்டு முறையும் அதன் விளைவைக் கண்டவன் நான்.

செயலியை சி ஷார்ப் மொழியில், சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்கும் விண்டோஸ் ஃபோர்ம்ஸ் என்ற கருவியைக் கொண்டு எழுதினேன். முதற் பதிப்பில், பதிவு செய்யும் பொத்தானை அழுத்தியதும் சீரியல் போர்ட் என்ற இணைப்பு வாயின் வழியாகத் தராசிலிருந்து ஒரு வரியை வாசிக்கும்படி அமைத்திருந்தேன். அந்த வாசிப்புக்குக் கால எல்லை குறிக்காவிட்டால், வரி வரும்வரை அது முடிவின்றிக் காத்திருக்கும். மூடை ஆடிக்கொண்டிருக்கையில் தராசு நிலையான நிறையை அனுப்பத் தாமதித்தது. அதுவரை சாளரம் அசையவில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் தொலைபேசியில், "தம்பி, திரை இறுகிப் போச்சு, நான் ரெண்டு மூண்டு தரம் அமத்திப் பாத்தன்" என்றார். அன்று மாலை கணக்கில் ஒரே மூடை இரண்டு தடவை பதிவாகியிருந்தது.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வது அவசியம். ஒரு சாளரத்தை உருவாக்கிய இழைக்கு, அதைத் திரை இழை என்போம், ஒரு செய்தி வரிசை உண்டு. சுட்டியின் ஒவ்வொரு அழுத்தமும், விசைப்பலகையின் ஒவ்வொரு தட்டலும், "உன்னை மீண்டும் வரைந்துகொள்" என்ற கட்டளையும் அந்த வரிசையில் வந்து நிற்கும். அந்த ஒரே இழைதான் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்யும். அதைத் தராசின் முன்னால் காவல் நிறுத்தினால் வரிசை நகராது. பொறுமையிழந்து அழுத்திய இரண்டாவது, மூன்றாவது அழுத்தங்கள் அழிந்துபோவதில்லை. இழை விடுபட்டதும் ஒவ்வொன்றாக நிறைவேறும். ஏறத்தாழ ஐந்து விநாடிகள் வரிசையைக் கவனிக்காத சாளரத்தை விண்டோஸ் செயலிழந்ததாகக் கருதி, அதன் தலைப்பில் பதிலளிக்கவில்லை என்று எழுதிவிடும். ஆகவே நேரம் எடுக்கும் எந்த வேலையையும் திரை இழையில் வைக்கக்கூடாது. வேலை தொடங்கிய கணமே பொத்தானைச் செயலற்றதாக்கி, முடிந்தபின் மீண்டும் திறக்கவேண்டும்.

இரண்டாவது பதிப்பில், தராசிலிருந்து தரவு வந்ததும் எழும் டேட்டா ரிசீவ்ட் என்ற நிகழ்வைப் பயன்படுத்தினேன். பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. நாம் நமது கையால் எந்த இழையையும் உருவாக்கவில்லை என்பதால் எல்லாம் திரை இழையிலேயே நடக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அந்த நிகழ்வு வேறோர் இழையில்தான் எழுப்பப்படுகிறது. அதற்குள்ளிருந்து நிறையைக் காட்டும் லேபிளில் நேரடியாக எழுதினால், நிறுப்பவர் எழுந்துவந்து கொப்பியில் எழுதுவதற்குச் சமம். பிழை தேட உதவும் டிபக்கரோடு ஓட்டும்போது, ஒரு கட்டுப்பாட்டை (லேபிள், பொத்தான் போன்ற திரை உறுப்பை) அதை உருவாக்காத இழை அணுகியது என்ற பிழை உடனே எழும். சி ஷார்ப் செயலிகள் ஓடும் தளமான டொட்நெற்றின், 2005 இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து இந்தச் சோதனை இருக்கிறது. டிபக்கர் இல்லாமல் ஓட்டும்போது அந்தச் சோதனை வழமையாக நடப்பதில்லை. ஆகவே பிழை மறைந்து, எப்போதாவது ஒரு நாள் திரை உறைவதாகவோ தவறான எண் தெரிவதாகவோ வெளிப்படும். அந்தச் சோதனையையே நிறுத்திவிடும் ஓர் அமைப்பு இருக்கிறது. பிழைச்செய்தி போய்விட்டது என்று அதை நிறுத்தி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மற்றவருடைய நெல்லின் கணக்கு அந்தத் திரையில் இருக்கிறது.

சரியான வழி, பின்னணி இழை திரையைத் தொடாமல், செய்யவேண்டியதைத் திரை இழையின் வரிசையில் போட்டுவிடுவது. விண்டோஸ் ஃபோர்ம்ஸில் இதற்கு இன்வோக், பிகின் இன்வோக் என இரு வழிகள் உண்டு. எந்த இழையிலிருந்தும் தயக்கமின்றி அழைக்கக்கூடிய மிகச் சில உறுப்புகளில் இவை அடங்கும். இன்வோக் வேலையைக் கொடுத்துவிட்டு அது முடியும்வரை காத்து நிற்கும். பிகின் இன்வோக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போகும். நான் முதலில் இன்வோக்கைத் தேர்ந்தேன், நிறை திரையில் ஏறியது உறுதியாகும் என்ற எண்ணத்தில். பகல் முழுவதும் செயலி நன்றாக ஓடியது. மாலையில் சாளரத்தை மூடினால் சில நாட்களில் அப்படியே இறுகி நின்றது. சாளரத்தை மூடும்போது திரை இழை சீரியல் போர்ட்டை மூடச் சொல்லி, நடந்துகொண்டிருக்கும் நிகழ்வு முடியட்டும் என்று காத்திருந்தது. அந்த நிகழ்வோ இன்வோக்குக்குள் நின்றபடி, திரை இழை ஓய்வாகட்டும் என்று காத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கும் இந்த நிலையைத்தான் டெட்லொக் என்கிறோம். இன்வோக் இருந்த இடத்தில் பிகின் இன்வோக்கை வைத்ததும் அது தீர்ந்தது. பின்னணி இழைக்குத் திரையிலிருந்து ஒரு பதில் கட்டாயம் வேண்டும் என்றாலன்றி இன்வோக்கை நாடவேண்டாம் என்பதே என் கருத்து. அதேபோல, பின்னணி வேலையின் முடிவுக்காகத் திரை இழையை ஒருபோதும் காத்து நிற்கவைக்கக்கூடாது.

சாளரத்துக்கு ஆயுள் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. அது முழுமையாக உருவாகுமுன் பிகின் இன்வோக்கை அழைத்தாலும், அழிந்தபின் அழைத்தாலும் பிழை எழும். ஆகவே சாளரம் தோன்றிய பின்னரே போர்ட்டைத் திறக்கவும். மூடும்போது முதலில் நிகழ்வுத் தொடர்பை நீக்கி, பின்னர் போர்ட்டை மூடவும். வரிசையில் போட்ட வேலைக்குள்ளும் சாளரம் இன்னும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது வேகம். தொடர்ந்து அனுப்பும் நிலையில் வைக்கப்பட்ட மின்தராசு ஒரு விநாடிக்குப் பல அளவீடுகளை அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் திரை இழைக்கு ஒரு வேலை கொடுத்தால், பழைய கணினியில் வரிசை நிரம்பி, பொத்தான் அழுத்தம் அதன் வாலில் போய் நிற்கும். பின்னணிக்கு மாற்றியும் திரை மந்தமாகவே இருக்கும். ஆகவே பின்னணி இழை கடைசி அளவீட்டை மட்டும் ஒரு மாறியில், பூட்டு ஒன்றின் (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் தொடவிடும் ஏற்பாட்டின்) பாதுகாப்பில், வைத்துவிட்டுப் போகட்டும். திரை இழையிலுள்ள டைமர் 200 மில்லி விநாடிக்கு ஒரு முறை அதை எடுத்துக் காட்டட்டும். மனிதக் கண்ணுக்கு அது போதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணையும் பதிவாகவேண்டிய நிறையையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. முன்னையதில் இடையிலுள்ளவை தவறினால் பாதகமில்லை. பின்னையதில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. அதை வரிசைமுறை மாறாத ஒரு கியூவில் இட்டு, ஒவ்வொன்றாகவே எடுக்கவேண்டும். இன்னொன்று: ஒரு நிகழ்வில் ஒரு முழு வரி வரும் என்ற உத்தரவாதம் இல்லை. 52.4 என்பது முதலில் 52 ஆகவும் அடுத்து .4 ஆகவும் வரலாம். வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்த பின்னரே அதை எண்ணாக மாற்றவும்.

போக முடிவுக் கணக்கைத் தொகுப்பது போன்ற, ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உள்ள நீண்ட வேலைக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. 2012 இல் சி ஷார்ப்பில் வந்த ஏசிங்க், அவெய்ற் என்ற இரு சொற்கள் அதை எளிதாக்கிவிட்டன. வேலையை டாஸ்க் ரன் மூலம் பின்னணிக்கு அனுப்பி, அதை அவெய்ற் செய்தால், அதற்கடுத்த வரி தானாகவே திரை இழைக்குத் திரும்பிவிடும். இடையில் எத்தனை விவசாயிகளின் கணக்கு முடிந்தது என்று முன்னேற்றப் பட்டியில் காட்ட, புரோகிரஸ் என்ற பொருள் இருக்கிறது. அதைத் திரை இழையில் வைத்தே உருவாக்கவேண்டும். தான் பிறந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பின்னணியிலிருந்து வரும் ஒவ்வொரு அறிக்கையையும் அங்கேதான் அது கொண்டுசேர்க்கும். பின்னணியில் உருவாக்கினால் அந்த நினைவு இருக்காது, பழைய பிழையே திரும்ப வரும்.

வேறு கருவிகளில் எழுதுபவர்களுக்கும் விதி இதுதான், பெயர்கள்தான் வேறு. விண்டோஸின் இன்னொரு திரைக் கருவியான டபிள்யூபிஎஃப்பில் டிஸ்பாச்சர் அந்த வேலையைச் செய்கிறது. ஜாவா ஸ்விங்கில் இன்வோக் லேட்டர் உண்டு. முழு வேலைக்கு ஸ்விங் வேர்க்கர். கியூற்றியில் பின்னணிப் பொருள் ஒரு சிக்னலை எழுப்பினால், பெறும் பொருள் வேறோர் இழையைச் சேர்ந்ததாக இருக்கும்போது அது தானாகவே வரிசையில் இடப்படும். பைத்தனின் டிகிண்டரில் பின்னணி இழை ஒரு கியூவில் இடவேண்டும். திரை இழை ஆஃப்டர் என்ற கட்டளையால் 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை எழுந்து, கியூவில் உள்ளதை எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு பூட்டுப் போட்டு எல்லா இழைகளையும் எழுதவிட்டால் என்ன என்ற கேள்வி எழும். பயனரின் அழுத்தம் இயங்குதளத்திலிருந்து நமது நிரலை நோக்கி மேலே வருகிறது. நமது நிரலின் கட்டளை இயங்குதளத்தை நோக்கிக் கீழே போகிறது. இரண்டும் ஒரே பூட்டுகளை எதிரெதிர் ஒழுங்கில் பிடிக்க முயலும்போது மீண்டும் டெட்லொக்தான். அதனால்தான் பெரும்பாலான கருவிகள் ஒரே இழை என்ற விதியிலேயே நிற்கின்றன.

களஞ்சியத்துக்குக் கொடுக்குமுன் செயலியைக் கடினமாகச் சோதிக்கவேண்டும். பின்னணி வேலைக்குள் வேண்டுமென்றே பத்து விநாடித் தூக்கம் ஒன்றை வைத்துவிட்டு, சாளரத்தைப் பிடித்துத் திரையெங்கும் இழுத்துப் பாருங்கள். அது கையோடு வரவேண்டும். அந்தப் பத்து விநாடிக்குள் பதிவுப் பொத்தானை ஐந்து தரம் அழுத்துங்கள். ஒரு பதிவுதான் விழவேண்டும். வேலை நடுவில் சாளரத்தை மூடுங்கள். அது மூடிய பின்னர் பணி நிர்வாகியில் செயலியின் பெயர் மிஞ்சியிருக்கக்கூடாது. கடைசியாக, மூடை தராசில் இருக்கும்போதே தராசின் வயரைக் கழற்றுங்கள். நிறை காட்டும் இடத்தில் பழைய எண் அப்படியே நின்றால் செயலி இன்னும் தயாராகவில்லை. தொடர்பு அறுந்தது என்ற வரி அங்கே வந்து, பதிவுப் பொத்தான் மங்கவேண்டும்.