மெட்டல் பாட்டு ரெக்கார்டிங்குக்கு எந்த சிம்பல்?

மெட்டல் இசை வாசிக்கும் டிரம்மர், டிரம் செட்டின் வட்டத் தகடான சிம்பல் வாங்கப் போனால், கை முதலில் நீள்வது 'ஹெவி', 'ராக்' என்று அச்சடித்த தகடுகளின் பக்கம்தான். மேடைக்கு அது சரி. இரண்டு பக்கமும் கிடார் ஆம்ப் அலறும்போது சிம்பல் சத்தம் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். ஸ்டுடியோவில் தலைக்கு மேலேயே மைக் தொங்குகிறது, அவ்வளவு சத்தம் தேவையில்லை. அங்கே ஒரு சிம்பலிடம் முதலில் கேட்க வேண்டியது, அடித்த பிறகு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறாய் என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) வேகத்தில் ஒரு பீட் 0.3 வினாடி, நான்கு பீட் கொண்ட ஒரு பார் 1.2 வினாடி. ஓங்கி அழுத்தம் கொடுக்க அடிக்கும் சிம்பலான கிராஷ், தடித்த 18 இன்ச் என்றால் அதைவிட நெடுநேரம் ஒலிக்கும். கோரஸில் ஒவ்வொரு பீட்டுக்கும் அதை அடித்தால், முந்தைய அடி அடங்கும் முன்பே அடுத்தது மேலே ஏறி, கடைசியில் 'ஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சும். கோயில் மணி அவ்வளவு நேரம் ரீங்கரிக்க அதன் தடித்த வார்ப்பும் ஒரு காரணம். மெல்லிய தகடோ சட்டென்று விரிந்து சட்டென்று அடங்கிவிடும்.

தடிமன் கூடினால் சுருதியும் ஏறும். டிஸ்டார்ஷன் போட்ட கிடார், பாடகரின் குரல், நடு டிரம்மான ஸ்னேரின் அறை எல்லாம் ஏற்கெனவே 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் முட்டிக்கொள்கின்றன. அதே இடத்தில் சிம்பலும் கத்தினால் காதைக் குத்தும். தலைக்கு மேலுள்ள மைக்கின் பதிவில் (ஓவர்ஹெட் டிராக்) அந்தச் சுருதிப் பகுதியை மட்டும் ஈக்யூ போட்டு வெட்டினால், அதில் பதிந்திருக்கும் ஸ்னேரும் சேர்ந்து உயிரிழந்துவிடும். மிக்ஸில் தீராத சிக்கல் இது, வாங்கும்போதே தவிர்த்துவிடுங்கள்.

ஆகவே கிராஷ் என்றால் 'தின்' அல்லது 'மீடியம் தின்'. 17, 19 இன்ச் என இரண்டு போதும். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இரண்டையும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் வரிசையில் எடுத்தால் நிறம் ஒத்துப்போகும், சுருதி மட்டும் விலகி நிற்கும். கடைக்குப் போகும்போது சமையலறைத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உதாரணமாக, 18 இன்ச் கிராஷ் 1,300 முதல் 1,500 கிராமுக்குள் இருந்தால் ஸ்டுடியோவுக்குத் தோது. 1,800 தாண்டினால் அது மேடைக்கான தகடு. ஒரே மாடலில் இரண்டு தகடுகள்கூட ஒன்றுபோல ஒலிக்காது என்பதால், பெயரைப் பார்த்து ஆன்லைனில் வாங்குவதைவிட நேரில் அடித்துப் பார்ப்பதே மேல்.

காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தகடான ஹை-ஹேட் 14 இன்ச், மேல் தகடு மீடியம், கீழ்த்தகடு சற்றுக் கனம். ஸ்னேர் மைக்குக்கு மிக அருகில் இருக்கும் சிம்பல் இதுதான். ஸ்னேரை கம்ப்ரஸ் செய்து (ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தி) பளிச்சென்று ஆக்கும்போது, கூடவே ஹை-ஹேட்டும் எழுந்து வரும். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கின் பின்புறம் ஹை-ஹேட்டைப் பார்க்கும்படி திருப்பினால் கசிவு நன்றாகக் குறையும். அதற்கும் அடங்காத ஹை-ஹேட் என்றால் தகட்டைத்தான் மாற்ற வேண்டும்.

தாளத்தைத் தொடர்ந்து ஓட்டும் சிம்பலான ரைடில் மட்டும் இந்த எடைக் கணக்கு தலைகீழ். 20 அல்லது 22 இன்ச்சில், மீடியம் முதல் ஹெவி வரை, பெரிய பெல் (நடுவில் உள்ள மேடு) உள்ளதாக எடுங்கள். கீழே இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம் ஓடும்போது மேலே குச்சியின் ஒவ்வொரு 'டிங்'கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சோதிப்பது சுலபம்: பாட்டின் வேகத்தில் குச்சி நுனியால் அரை நிமிடம் வாசியுங்கள். இரைச்சல் ஏறி 'டிங்' மூழ்கினால் அந்த ரைடு வேண்டாம்.

விளிம்பு மேல்நோக்கி மடிந்த சிம்பலான சைனா 18 இன்ச், மெல்லியது. கவிழ்த்து மாட்டினால் குச்சி விளிம்பின் மடிப்பில் குத்தாது, தகடும் நீண்ட நாள் உழைக்கும். விரிசல் விட்ட பழைய கிராஷ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் ஒரு சிறிய சைனாவை அடுக்கினால் 'சட்' என்று வெட்டும் ஸ்டாக் கிடைக்கும், வேகமான இடங்களுக்கு அருமையான ஒலி.

உலோகத்தைப் பொறுத்தவரை பித்தளையைத் தவிருங்கள், வெண்கலம் எடுங்கள். பி20 என்பது 80 சதவீதம் செம்பும் 20 சதவீதம் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். ஜில்ஜியன் ஏ கஸ்டம், சேபியன் ஏஏஎக்ஸ், மைனல் பைசான்ஸ் எல்லாம் இந்த வகை. வெள்ளீயம் 8 சதவீதமே உள்ள பி8 என்றாலே மட்டம் என்பது தவறு, பைஸ்டி 2002 அதே பி8தான்.

அடித்துப் பார்க்கும்போது குச்சியை நண்பரிடம் கொடுத்துவிட்டு 2 மீட்டர் தள்ளி நின்று போனில் பதிவு செய்யுங்கள். வாசிப்பவரின் காதுக்கு குச்சியின் நுனிச்சத்தம் தூக்கலாகக் கேட்கும், தள்ளி நின்றால்தான் அடித்த பின் நீளும் வாலோசை பிடிபடும். விளிம்பில் நகத்தை ஓட்டி விரிசல் பாருங்கள். நடுத்துளை ஒரு பக்கம் தேய்ந்து சாவித்துளை போல நீண்டிருந்தால், அது ஸ்டாண்டுக் கம்பியின் மேல் போடும் ஸ்லீவ் (உறை) இல்லாமல் மாட்டிய தகடு.

ஸ்டுடியோவில் சிம்பலை டாம்களுக்கு மேல் 30 சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். தாழ்வாக இருந்தால் டாம் மைக்கின் கேட் (சத்தம் வரும்போது மட்டும் திறக்கும் கருவி) கிராஷ் சத்தத்துக்கே திறந்துகொள்ளும். சிம்பலை ஸ்டாண்டில் பிடிக்கும் விங்நட்டை இறுக்காதீர்கள், தகடு தாராளமாக ஆட வேண்டும். இரண்டு ஓவர்ஹெட் மைக்குகளும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று ஒரு நூலைப் பிடித்து அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்னேர் ஒரு பக்கம் சாயும். வாசிக்கும்போது டிரம்மை ஓங்கியும் சிம்பலை மிதமாகவும் அடிக்க வேண்டும். இது பழக வாரக்கணக்கில் ஆகும், ரெக்கார்டிங் தேதிக்கு முன்பே தொடங்குங்கள்.

எல்லா டேக்கும் முடிந்த பின், மைக்கை அசைக்காமல், ஒவ்வொரு சிம்பலையும் ஒரே ஒரு முறை அடித்து முழுதாக அடங்கும்வரை பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டில் வால் அறுந்துபோன கிராஷை ஒட்ட அதுதான் கைகொடுக்கும்.