இறக்கையை மூடும் முன்
பாகங்களாக வாங்கி நாமே கூட்டிச் செய்யும் கிட் விமானத்தின் கையேட்டில் உள்ள வேலை வரிசை நல்லதுதான், ஆனால் நீங்களாகச் சேர்க்கும் கருவிகள் அதில் இருக்காது. அதனால் ஒவ்வொரு படியிலும் கேளுங்கள்: இதை மூடிய பிறகு உள்ளே கை போகுமா? இறக்கையின் கீழ்த்தகட்டை ரிவெட் அடிக்கும் முன் பிட்டோ குழாய் (காற்றில் விமானத்தின் வேகத்தை அளக்க உதவுவது), ஆட்டோபைலட் சர்வோவின் (விமானத்தைத் தானாகச் செலுத்த உதவும் மோட்டாரின்) பிராக்கெட் எல்லாம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விளக்குக்கான வயர் இன்னும் வாங்கவில்லையா? பரவாயில்லை, அது போகும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். பிறகு அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். எரிபொருள் டேங்கின் கசிவுச் சோதனையை அதை இறக்கையில் பூட்டும் முன்பே முடியுங்கள். அப்புறம், எஞ்சினை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பெட்டியில் கிடக்கும்போதே வாரண்டி ஓடிவிடலாம்.